ஃபார்மட் போடுவதற்கு முன்னால்



வேலை நடுவில் லேப்டாப் ஸ்கிரீன் கறுத்து நின்றுவிட்டால், தண்டையார்பேட்டைக் கடையானாலும் ரிச்சி தெருவானாலும் முதலில் கிடைக்கும் பதில், "ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்பதுதான். கல்யாண போட்டோ, பிள்ளையின் ப்ராஜெக்ட் எல்லாம் போன பிறகும் சில வீடுகளில் ஸ்கிரீன் கறுப்பது நிற்பதில்லை.

எரர் செய்தியில் 'டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்' என்று வந்தால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். 2007இல் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்த, விண்டோஸின் சொந்த ஆள் அது. திறந்திருப்பதையெல்லாம் ஒரே படமாக அடுக்கி ஸ்கிரீனுக்கு அனுப்புகிறது. அது விழுந்தால், பெரும்பாலும் காலை வாரியது கிராஃபிக்ஸ் டிரைவர். கிராஃபிக்ஸ் சிப் 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அந்த டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும். ஸ்கிரீன் ஒரு கணம் இருண்டு மீள்வது அதனால்தான். கிளப்பியும் எழாவிட்டால் நீலத்திரை.

அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் சரியான டிரைவரே ஏறவில்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்பில் பிற்பாடு புது விண்டோஸ் ஏற்றியவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். திரையில் கோடு விழுகிறதா? வேறு மானிட்டரில் இணையுங்கள். அதில் படம் சுத்தமாக இருந்தால் பழுது பேனலிலோ கேபிளிலோ. அங்கும் கோடு என்றால் சிப், அல்லது டிரைவர்.

ஓடி ஓடிச் சூடான பிறகுதான் நிற்கிறது என்றால் சங்கதி வேறு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியும், அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலும், கடலின் உப்புக்காற்றும் நம் பக்கத்து லேப்டாப் ஃபேன்களுக்குள் போகாமல் வேறெங்கே போகும்? காற்று வழி அடைத்தால் சிப் வேகும். மெத்தைமேல் வைத்துப் படம் பார்ப்பதும் அதே கணக்குதான்.

சூடேறி ஆறி, ஏறி ஆறி, சிப்புக்கு அடியில் இருக்கும் ஈயப்பற்றே விட்டுப்போவதுண்டு. லேப்டாப் சிப்களில் இப்படி ஒரு குறை வந்ததால் 2008இல் என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியதாயிற்று. ஹாட் கன்னால் சிப்பைச் சூடாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். அந்த உயிர் நெடுநாள் நிற்காது. ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். அதையும் முந்தி, மெஷின் ஓடும்போதே முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள்.

எண்ணூர், திருவொற்றியூர் வாசகர்கள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைத் திறக்க வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். வீடு ரோட்டோரமா, கடலோரமா என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்