பித்தம் வழி தவறினால்...

குற்றாலம் சீஸனுக்கு இரண்டே சட்டம். அருவியில் தலையைக் கொடுக்க வேண்டும். குளிர் விடுவதற்குள் பிரானூர் பார்டரில் பரோட்டாவையும் பொரித்த கோழியையும் ஒரு வெட்டு வெட்ட வேண்டும். உள்ளே போன எண்ணெய்க்குக் கணக்குத் தீர்ப்பது பித்தநீர். கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் சுரக்கிறது. பித்தப்பை அதற்கு சேவிங்ஸ் அக்கவுண்ட். (பி.காம். புத்தி, போகாது!)

கல் சேர்ந்து தொல்லை கொடுத்தால் அக்கவுண்ட்டையே மூடிவிடுகிறார்கள். 1990-ல் பம்பாயில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா இந்தியாவுக்குக் கொண்டுவந்த லேப்ராஸ்கோப்பி முறை. சின்னச் சின்னத் துளைகள், ஓரிரு நாளில் வீடு.

தென்காசி நண்பர் ஒருவர் அப்படித்தான் வீடு வந்தார். நாலாம் நாள் வயிறு உப்பியது, வலி, காய்ச்சல். "வாயுதாம்ல, பெருங்காயத்தைக் கரைச்சுக் குடி" என்றது தெரு. அவர் மனைவி மட்டும் கேட்கவில்லை. கார் பிடித்து திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார். ஸ்கேனில் குட்டு வெளிப்பட்டது. கிளிப் போட்ட இடத்தில் கசிந்து, வயிற்றுக்குள் பித்தநீர்!

முன்பு என்றால் வயிற்றை மறுபடி திறப்பார்கள். இப்போது ஈ.ஆர்.சி.பி. வாய் வழியாக எண்டோஸ்கோப் சிறுகுடலுக்குப் போகிறது. பித்தக் குழாய் அங்கே திறக்கும் வாசலில் ஒரு தசை வளையம். 1887-ல் அதை விவரித்த ருஜ்ஜீரோ ஓடி, அப்போது மருத்துவ மாணவர். அந்த வளையத்தைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் குழாய் வைக்கிறார்கள். ஸ்டென்ட்.

வேடிக்கை என்னவென்றால், கசிகிற ஓட்டையை யாரும் தொடுவதே இல்லை! சிற்றாற்றுப் பாசன விவசாயியிடம் கேளுங்கள். குளத்தங்கரை கசிந்தால் மடையைத் திறந்து தண்ணீரின் அழுத்தத்தைக் குறைப்பார். இதுவும் அதேதான். சுலபமான வழி கிடைத்ததும் பித்தநீர் குடலுக்குப் போய்விடும்; கசிவு வற்றி ஓட்டை தானே ஆறும். வயிற்றில் தேங்கியதைத் தனி டியூப் வைத்து எடுப்பார்கள். பித்தக் குழாயே முழுசாக அறுந்திருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது. ஆபரேஷன்தான்.

எல்லாம் சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். சில வாரங்களில் ஸ்டென்ட்டை எடுத்தாக வேண்டும். விட்டால் அடைத்துக்கொண்டு மஞ்சள் காமாலை, குளிர்காய்ச்சல் என்று வட்டி போட்டு வசூலிக்கும். நண்பரோ, "வலிதான் இல்லையே, ஆபீஸில் ஆடிட் முடியட்டும்" என்றார். "ஆடிட்டுக்கு ஆள் வேணும்லா? முதல்ல கிளம்புங்க" என்றார் மனைவி. எடுத்தாயிற்று.

பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களே! வயிற்று உப்புசம், கூடுகிற வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள்... எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். பெருங்காயம் ரசத்துக்கு இருக்கட்டும்.