சொல்லும் பொருளும்: மண்டுதல்

பழத்தில் ஈ மொய்க்கிறது; ஏட்டைச் செல் அரிக்கிறது; அரிசியில் வண்டு விழுகிறது. பூச்சிக்கொரு வினைச்சொல் வைத்திருக்கிறது தமிழ். கொசுவுக்கோ, நம் சைதாப்பேட்டைவாசிகள் ‘மண்டிவிட்டது’ என்கிறார்கள்.

மொய்த்தல், மண்டுதல் இரண்டுக்கும் நெருங்குதல் என்ற பொருள் உண்டு. எனினும் வழக்கில் ஒரு பேதமும் உண்டு. மொய்ப்பது வெளியிலிருந்து வருவது. பண்டத்தை மூடினால் போய்விடும். மண்டுவதோ, புதரைப்போல், இருக்கும் இடத்திலேயே பெருகுவது. விசிறியால் விரட்டித் தீராது.

இதை மறந்து அடையாற்றையும் கார்ப்பொரேஷனையும் மாத்திரம் நொந்துகொள்கிறோம். சாக்கடையில் பெருகும் கொசு ஒன்று. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு வேறொன்று. பின்னது பகலில் கடிப்பது; தேங்கிய தெளிந்த நீரில் வளர்வது. மூடாத தொட்டி, பூச்சட்டியின் அடித்தட்டு, கொல்லையில் எறிந்த கொட்டாங்கச்சி ஆகியவற்றில் உள்ளங்கையளவு நீர் இருந்தாலே அதற்குப் போதும்.

முட்டை கொசுவாவதற்குச் சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சந்ததி அற்றுப்போகும்.

இனி ‘கொசு மண்டிவிட்டது’ என்னும்போது, ‘எங்கே?’ என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்வோமாக. விடை பல சமயம் நம் கொல்லைப்புறத்திலேயே அகப்படும்.