புதுசா வந்த பையனுக்கு கடைசி வேலையை முதல்ல கொடுங்க!

‘ஒரு மாசம்கூட நிக்க மாட்டேங்கிறானுங்க’ என்ற புலம்பல் திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் சகஜம். சம்பளம் ஒரு காரணம்தான். இன்னொன்றும் இருக்கிறது. ‘ஸ்பேனரை எடு, டீ வாங்கிட்டு வா’ என்றே நாள்கள் ஓடினால், தன் கையால் ஒரு வேலை முடிவதை அந்தப் பையன் பார்ப்பதே இல்லை.

ஒரு வேலையைச் சின்னச் சின்ன படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கோத்துச் சொல்லித்தருவதை நடத்தை உளவியலில் ‘சங்கிலி முறை’ என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பல் தேய்க்கவும் சட்டை போடவும் சிறப்பு ஆசிரியர்கள் இப்படித்தான் கற்றுத்தருகிறார்கள். இதில் மூன்று வழிகள் உண்டு.

கடைசியிலிருந்து...

பஞ்சர் ஒட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, ட்யூபில் ஓட்டையைக் கண்டுபிடித்து, பேட்ச் ஒட்டி, திரும்ப மாட்டி, காற்றடிக்க வேண்டும். முதல் ஐந்தையும் அவன் கண்ணெதிரே நீங்கள் செய்யுங்கள். காற்றடித்து வண்டியை கஸ்டமரிடம் கொடுப்பது அவன் வேலை. அது கைவந்ததும், திரும்ப மாட்டுவதையும் அவனிடமே விடுங்கள். இப்படியே பின்னாலிருந்து முன்னால் வந்தால், தினமும் அவன் கையில்தான் வேலை முடியும். ஆர்வமும் குறையாது.

முதலிலிருந்து...

கேஸ் கட்டிங் போன்ற வேலைக்கு இது வேண்டாம். அங்கே ஆரம்பத்தில் கோட்டைவிட்டால் உயிருக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை போடுவது, சோப்பு நுரை தடவி லீக் பார்ப்பது என முதல் படியிலிருந்தே பழக்குங்கள். அது பழக்கமான பிறகே அடுத்த படி.

முழுசாக...

வேறு கடையில் பாதி வேலை கற்று வந்தவரா? முழு வேலையையும் கொடுத்துவிட்டு, திணறும் இடத்தில் மட்டும் கைகொடுங்கள்.

நம்ம ஏரியாவின் கதையே கடைசிப் படியில் தொடங்கியதுதான். 1948-ல் உருவான அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் செய்தது ஆஸ்டின் கார்களுக்குப் பாகங்களைப் பொருத்தும் வேலை. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. என்ஃபீல்டும் 1955-ல் இங்கிலாந்து பாகங்களைப் பொருத்தித்தான் புல்லட்டைத் தயாரிக்கத் தொடங்கியது. 1957-ல் பாகங்கள் செய்யும் கருவிகள் வந்தன. 1962-க்குள் எல்லா பாகங்களும் இங்கேயே தயாராகின. யாரும் உளவியல் படித்துவிட்டு இப்படிச் செய்யவில்லை. ஆனால், முழு வண்டி தினமும் கண்ணெதிரே வெளியே போக, உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொரு பாகமாகக் கற்றுக்கொண்டார்கள்.

எந்த வழியானாலும் ஒன்றை மறக்காதீர்கள். ஒரு படி கைவந்த பிறகும் பையனை அதிலேயே நிறுத்திவைத்தால், அது பயிற்சி இல்லை, எடுபிடி வேலை. இன்று கடையை மூடும் முன் உங்கள் வேலையின் படிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவனுக்கு நாளை எதைக் கொடுக்கலாம் என்பது தெரிந்துவிடும்.