குழந்தைக்குக் கால் வளைவு, டீன் ஏஜில் முட்டி வலி, 40-ல் முதுகு வலி: எதற்குப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்?

பிறந்த குழந்தையின் பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தால், 'எண்ணெய் தேய்ச்சு நீவி விட்டா சரியாப் போயிடும்' என்று சொல்ல வீட்டில் ஒருவராவது இருப்பார். எட்டாம் வகுப்புப் பையன் முட்டி வலிக்குதுன்னு சொன்னால், 'வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்'. ஆனால் 40 வயது அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் மூன்றாம் நாளே எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிடும். எலும்பு, மூட்டு, தசை விஷயத்தில் நம் அவசரமும் பொறுமையும் பெரும்பாலும் இடம் மாறித்தான் இருக்கின்றன.

குழந்தைகளுக்கு எது இயல்பு?

நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால்கள் வில் போல வளைந்திருப்பது சாதாரணம். 2 வயதுவாக்கில் நேராகும். 3, 4 வயதில் முட்டிகள் இடித்துக்கொள்வதுபோல உள்பக்கம் சாயும். 7 வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சின்ன வயதில் பாதம் தட்டையாக இருப்பதும் இப்படித்தான். வலி இல்லையென்றால் ஸ்பெஷல் ஷூ வாங்கிச் செலவழிக்கத் தேவையில்லை. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வளைவு கூடிக்கொண்டே போனாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸும் காரணமாக இருக்கலாம்.

வளைபாதம் வேறு கதை. ஏறத்தாழ 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. பாதம் உள்ளேயும் கீழேயும் மடங்கி விறைப்பாக இருக்கும், கையால் நேராக்கினாலும் வராது. நீவி விடுவதால் இது போகாது, நாள்தான் போகும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய முறைதான் இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிறது. வாரம் ஒரு மாவுக்கட்டு, பொதுவாக 5, 6 கட்டுகள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். பிறகு கம்பியால் இணைத்த ஷூவை 3 மாதம் கிட்டத்தட்ட நாள் முழுக்கவும், அதன்பின் 4 வயதுவரை தூங்கும்போதும் போட வேண்டும்.

சறுக்குவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். 'கால்தான் நேராயிடுச்சே' என்று ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பாதம் மறுபடி மடங்குகிறது. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் வளைபாதமும், பிறவி இடுப்பு மூட்டு விலகலும் பரிசோதனைப் பட்டியலில் இருக்கின்றன. எனவே பணம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

இடுப்பு மூட்டு பற்றி இன்னொன்று. கால்களை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றுவது அந்த மூட்டுக்கு நல்லதல்ல. நம்மூரில் குழந்தையைக் கால் விரிந்திருக்கும்படி இடுப்பில் தூக்கி வைக்கும் பழக்கத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

'வளர்ற வயசு வலி' உண்மையா?

உண்மைதான், ஆனால் அதற்கு அடையாளம் உண்டு. இரண்டு காலிலும் வரும், சாயங்காலமோ இரவோ வரும், காலையில் பிள்ளை எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். 10 முதல் 15 வயதில் விளையாடும் பிள்ளைகளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும் சகஜம். ஓய்வும் பயிற்சியும் போதும்.

ஒரே இடத்தில் தொடர்ந்து வலி, வீக்கம், காய்ச்சல், நொண்டி நடப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி என்றால் எக்ஸ்ரே அவசியம். எலும்புத் தொற்றும், அரிதாக எலும்புப் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம். உடல் எடை கூடுதலாக உள்ள பிள்ளை முட்டி வலி என்று நொண்டினால் இடுப்பையும் சோதிக்க வேண்டும். தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவியிருந்தாலும் வலி முட்டியில் தெரியலாம். முட்டியை மட்டும் படம் எடுத்தால் அது தப்பிவிடும்.

பெரியவர்களுக்கு ஏன் பொறுமை?

சாதாரண முதுகு வலி பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' என்றிருப்பதைப் பார்த்தே பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் அந்தத் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பது மாதிரிதான்.

நாள்பட்ட முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டும், இழுத்துக் கட்டும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்கிறது.

காய்ச்சல், எடை குறைவு, ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது ஆகியவற்றோடு வரும் முதுகு வலிக்கு இந்தப் பொறுமை கூடாது. முதுகெலும்பில் காசநோயும் வரலாம். முதுகு வலியோடு சிறுநீர் பிரியாமல் போவது, தெரியாமலே கசிவது, உட்காரும் இடம் மரத்துப்போவது என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் மறைப்பவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள்.