24ஆம் தேதி இரவு வரை காத்திருக்காதீர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "தம்பி, கே.எல்.ல இருக்கிற மகனுக்கும் சிங்கப்பூர்ல இருக்கிற மகளுக்கும் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லணும்." பிள்ளைகள் வருகிறார்களா என்று கேட்டால், "வேலை இருந்தா வர வேணாம்னு சொல்லிட்டோம்" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். போன வருஷம் அதே பதிலை என் அம்மா சொன்னார். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

என் பெற்றோர் இருப்பது சித்தியவானில் ஒரு தாமானில். அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இப்போது இருவருக்கும் நாள்காட்டி என்றால் தேவாலயம்தான். ஞாயிறு ஆராதனை, வாரநாளில் ஜெபக்கூட்டம், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பழம் வாங்கிக்கொண்டு ஒரு நடை.

சித்தியவானுக்கும் தேவாலயத்துக்கும் பழைய உறவு. 1903ஆம் ஆண்டு பாதிரியார் லூரிங் சீனாவின் ஃபூச்சோ பகுதியிலிருந்து மெதடிஸ்ட் குடும்பங்களை இங்கே குடியேற்றினார். நெல் பயிரிடத்தான் அவர்கள் வந்தார்கள். பிழைக்க வைத்தது ரப்பர். அதே ரப்பர்தான் நம்மவர்களையும் சுற்றியிருந்த தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது. அதனால் இந்த ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் பலகாரத் தட்டு இரு பக்கமும் போகும். அம்மாவின் அச்சு முறுக்கு பக்கத்து வீட்டு ஃபூச்சோ ஆண்டிக்குப் போனால், அங்கிருந்து சிவப்பு ஒயின் ஊற்றிய கோழி மீசுவா வரும். மது தொடாத அப்பா, "இது ஒயின் இல்ல, மருந்து" என்று சொல்லி இரண்டு கிண்ணம் சாப்பிடுவார். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தட்டு கொடுத்த வீடுகளுக்கும் பதில் தட்டு போயாக வேண்டும். அம்மா ஒரு பழைய நோட்டில் பட்டியல் வைத்திருக்கிறார்.

அச்சு முறுக்கு இருவர் சேர்ந்து செய்யும் வேலை. அம்மா அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்து மாவு கரைப்பார். அப்பா அச்சை எண்ணெயில் காயவைத்து மாவில் முக்கால் அளவு மட்டும் முக்குவார். முழுக்க முக்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழன்று வராது. "அவசரப்பட்டா அச்சு விடாது" என்பது நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே வாசலில் நட்சத்திர விளக்கு ஏறிவிடும். ஏணி போட்டு ஏற்றுவது அப்பாவின் வேலை. கேரல் பாடுகிறவர்களுக்கு அதுதான் வீட்டு அடையாளம் என்பார்.

போன டிசம்பர் 17ஆம் தேதி சும்மா கேட்டேன், "ஸ்டார் போட்டாச்சாம்மா?"

"இன்னும் இல்லய்யா. பார்க்கலாம். உனக்கு வேலை இருந்தா வர வேணாம்."

நட்சத்திரம் இல்லாத 17ஆம் தேதியை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. வழக்கமாக 24 இரவு நெரிசலில் கார் ஓட்டிப் போய், சாப்பிட்டு, காலையில் ஆராதனைக்குப் போய், 26 காலை திரும்பிவிடுவேன். அந்த முறை நிகழ்ச்சியை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு 20ஆம் தேதியே கிளம்பினேன்.

போன பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு இரண்டு முறை தலைசுற்றல் வந்திருக்கிறது. இரவில் அவர் கார் ஓட்டுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. ஜெபக்கூட்டத்துக்குச் சபை நண்பர் ஒருவர்தான் ஏற்றிச் செல்கிறார். பட்டியலில் பாதி வீடுகளுக்கு அம்மா கோடு போட்டிருந்தார். "முடிஞ்ச அளவு செய்யலாம்னு பார்த்தேன்" என்றார். இவ்வளவையும் போனில் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ரேடியோவுல சிரிச்சுப் பேசணுமே" என்றார் அப்பா.

அடுத்த நாள் ஏணியில் நான் ஏறினேன், அப்பா பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று இருபது தடவை சொன்னார். அச்சை நான் பிடித்ததில் முதல் பத்து முறுக்கு உடைந்தன. கோடு போட்ட வீடுகளுக்கும் தட்டு போனது. அதற்கு மறுநாள் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார்கள். 23 இரவு கேரல் குழு வந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே அப்பா எல்லாப் பாடலையும் பாடினார்.

பண்டிகை நாளன்று பெற்றோர் நன்றாகத்தான் இருப்பார்கள். புத்தாடை உடுத்தி, சிரித்து, படம் எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு மட்டும் பார்த்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. ஏணியை எடுக்கும் நாளில், மாவு சலிக்கும் நாளில் பக்கத்தில் இருந்தால்தான் எது முடியவில்லை என்பது தெரியும்.

கிறிஸ்துமஸோ தீபாவளியோ, முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகப் போங்கள். விடுமுறை கிடைக்காதவர்கள் போனிலாவது "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ஸ்டார் போட்டாச்சா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான். இரண்டாவது கேள்வியில் உண்மை வந்துவிடும்.