கோப்பையை வென்று தந்தது புதிய முதலாளியா?

பனி ஹாக்கி உலகில் ஒரு கருத்து கேள்வியே இல்லாமல் புழங்கி வருகிறது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைத் தேற்ற வேண்டுமானால் மேலே இருப்பவரை மாற்று. முதலாளி மாறினால் நல்லது, முடியாவிட்டால் பொது மேலாளரை மாற்று, அதுவும் முடியாவிட்டால் பயிற்சியாளரையாவது வீட்டுக்கு அனுப்பு என்பது அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் என்.எச்.எல். தொடரின் 32 அணிகளில் ஏதாவது ஒன்று ஒவ்வோர் ஆண்டும் இந்த மருந்தைக் குடிக்கிறது. "இதோ பாருங்கள், பலித்தது" என்று சொல்ல இரண்டு சான்றுகளும் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று சிக்காகோ பிளாக்ஹாக்ஸ். இன்னொன்று செயின்ட் லூயிஸ் புளூஸ்.

இரண்டையும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

சிக்காகோவின் கதை இப்படிச் சொல்லப்படுகிறது. பில் வர்ட்ஸ் என்ற கஞ்ச முதலாளி அணியைச் சீரழித்தார். சொந்த ஊரில் நடக்கும் ஆட்டங்களை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டினால் சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அநியாயம் என்று சொல்லி ஒளிபரப்பவே விடவில்லை. 1961-க்குப் பிறகு, என்.எச்.எல். சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பை அந்த ஊர்ப் பக்கமே வரவில்லை. 1998 முதல் 2008 வரையிலான பத்து சீசன்களில் ஒரே ஒருமுறைதான் அணி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. 2007 செப்டம்பரில் பில் இறந்தார். அடுத்த மாதம் சொந்த மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்த எழுந்தபோது, அரங்கில் இருந்தவர்கள் கூச்சலிட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். மகன் ராக்கி வர்ட்ஸ் பொறுப்பேற்றார். மூன்றே ஆண்டுகளில் கோப்பை வந்தது. ஆகவே ராக்கிதான் மீட்பர்.

இந்தக் கதையின் ஒவ்வொரு வரியும் உண்மை, கடைசி வரியைத் தவிர.

2010-இல் கோப்பையைத் தூக்கிய வீரர்கள் எப்போது சிக்காகோவுக்கு வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் டங்கன் கீத் 2002-இல் எடுக்கப்பட்டார், அதுவும் 54-ஆவது ஆளாக. பிரென்ட் சீப்ரூக் 2003-இல். அதே 2003-இல், 245-ஆவது இடத்தில், மற்ற அணிகள் யாரும் சீந்தாத டஸ்டின் பஃப்லின். டேவ் போலண்ட் 2004-இல். நிக்லஸ் யால்மர்சன் 2005-இல், 108-ஆவது ஆளாக. பேட்ரிக் ஷார்ப் 2005 டிசம்பரில் பிலடெல்பியாவிடமிருந்து மாற்று ஒப்பந்தத்தில் வந்தார். ஜொனதன் டேவ்ஸ் 2006-இல். பேட்ரிக் கேன் 2007 ஜூனில், முதல் ஆளாக. இத்தனையும் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் பில் இறந்தார். எல்லோரும் வெறுத்த அந்தக் கிழவரின் காலத்தில், எங்கோ கிராமப்புற அரங்குகளில் குளிரில் உட்கார்ந்து பதினேழு வயதுப் பையன்களின் ஆட்டத்தைக் குறிப்பெடுத்த ஸ்கவுட்டுகள் கட்டிய அணி அது.

அந்தக் கோப்பையை வென்று தந்த கோல் எப்படி விழுந்தது என்பது ஹாக்கி ரசிகர்களுக்கு மறக்காது. 2010 ஜூன் 9, பிலடெல்பியா, இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், கூடுதல் நேரம். கேன் இடப்பக்க ஓரத்திலிருந்து, கோல் விழ வாய்ப்பே இல்லாத குறுகிய கோணத்தில் அடித்தார். பக் எனப்படும் ரப்பர் வட்டு கோல்கீப்பரின் காலுக்கடியில் நுழைந்து வலையின் அடிமெத்தையில் செருகிக்கொண்டது. நடுவர் கை தூக்கவில்லை, கோல் விளக்கு எரியவில்லை, சக வீரர்களுக்கும் புரியவில்லை. கேன் மட்டும் கையுறைகளை உதறி எறிந்துவிட்டு மறுமுனையை நோக்கிச் சறுக்கிக்கொண்டு ஓடினார். அந்தப் பையனை அணிக்குக் கொண்டுவந்தது ராக்கி அல்ல.

2013-இலும் 2015-இலும் மறுபடி கோப்பை வந்ததே, அது புதிய தலைமையின் வேலைதானே என்று கேட்கலாம். மூன்று கோப்பைகளையும் வென்றவர்கள் ஏழு பேர். அவர்களில் ஆறு பேர் பில் உயிரோடு இருந்தபோதே அணிக்குள் வந்துவிட்டவர்கள். பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது 2010-இல் டேவ்ஸுக்கு, 2013-இல் கேனுக்கு, 2015-இல் கீத்துக்கு. மூவரும் பழைய முதலாளியின் காலத்து ஆட்கள். ஏழாவது ஆளான மேரியன் ஹோசாவை மட்டும் 2009-இல் பெரிய பணம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். அதற்கான புகழ் ராக்கிக்கு நியாயமாகச் சேர வேண்டும்.

அவருக்குச் சேர வேண்டியது வேறொன்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டினார். பேஸ்பால் அணியான சிக்காகோ கப்ஸிலிருந்து ஜான் மெக்டோனாவை அழைத்துவந்து அணியின் தலைவராக்கினார். அணியோடு மனக்கசப்பில் இருந்த பாபி ஹல், ஸ்டான் மிகிடா, டோனி எஸ்பசிட்டோ போன்ற பழைய ஜாம்பவான்களைத் திரும்ப அழைத்தார். 2006-07 சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 13,000 பேருக்கும் குறைவாக வந்த அரங்குக்கு, 2008-09-இல் 22,000 பேருக்கும் மேல் வந்தார்கள். வியாபாரத்தைத் திருத்தினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூடிக்கிடந்த கடையைத் திறந்தவரையே சரக்கைச் செய்தவர் என்று சொல்லிவிடக் கூடாது.

சரக்கைச் செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2005 முதல் பொது மேலாளராக இருந்து டேவ்ஸையும் கேனையும் தேர்ந்தெடுத்த டேல் டாலன், 2009 ஜூலையில், கோப்பைக்குப் பதினோரு மாதம் முன்பு, பதவியிலிருந்து இறக்கப்பட்டார். கோப்பை வந்தபோது அந்த நாற்காலியில் ஸ்டான் போமன் இருந்தார்.

அடுத்த வாதம் பயிற்சியாளரைப் பற்றியது. செயின்ட் லூயிஸ் கதை இதற்காகவே ஓயாமல் சொல்லப்படுகிறது. 2018 நவம்பர் 19 அன்று மைக் யோ நீக்கப்பட்டார். கிரெய்க் பெருபே தற்காலிகப் பயிற்சியாளர் ஆனார். 2019 ஜூன் 12 அன்று பாஸ்டனில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் அணி தன் வரலாற்றிலேயே முதல் கோப்பையை வென்றது. கேட்க அற்புதமாக இருக்கிறது.

நடுவில் ஒரு தேதி விடுபட்டுவிடுகிறது. 2019 ஜனவரி 3. பெருபே வந்து ஆறு வாரம் ஆகியிருந்த அந்த நாளில்தான் புளூஸ் மொத்தத் தொடரிலும் கடைசி இடத்தில் கிடந்தது. அதுவரை அவருடைய பொறுப்பில் ஆடிய 18 ஆட்டங்களில் வெற்றி எட்டுதான். நான்கு நாள் கழித்து, ஜனவரி 7 அன்று, ஜோர்டன் பின்னிங்டன் என்ற 25 வயது கோல்கீப்பர் முதன்முதலாக ஆரம்பத்திலிருந்தே களமிறக்கப்பட்டு ஒரு கோலும் விடாமல் வென்றார். அந்த சீசனை 24 வெற்றி, 5 தோல்வியோடு முடித்தார். அவரை அணி எடுத்தது 2011-இல். இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் கீழ்நிலை லீக்குகளில் கழிந்தன. அந்த ஆண்டின் கான் ஸ்மைத் விருதை வாங்கிய ரையன் ஓரைலி, யோ நீக்கப்படுவதற்கு நான்கரை மாதம் முன்பே பஃபலோவிலிருந்து வாங்கப்பட்டவர். அவரை வாங்கிய பொது மேலாளர் டக் ஆம்ஸ்ட்ராங் 2010 முதல் அதே நாற்காலியில் அசையாமல் இருந்தவர். தலைமை மாற்றத்தின் சின்னமாகக் காட்டப்படும் அணியில், முக்கியமான தலைமை மாறவே இல்லை.

இதையும்விட வலுவான ஆதாரம் ஒன்று அதே மாதத்தில் இருக்கிறது. 2018 நவம்பரில் பயிற்சியாளரை நீக்கியது செயின்ட் லூயிஸ் மட்டும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் நீக்கியது. எட்மன்டன் ஆய்லர்ஸ் நீக்கியது. சிக்காகோவே, மூன்று கோப்பை தந்த ஜோயல் க்வென்வில்லை அனுப்பிவிட்டு 33 வயது ஜெரமி கோலிட்டனை அமர்த்தியது. ஒரே மாதம், ஒரே மருந்து, நான்கு அணிகள். மூன்று அணிகள் அந்த சீசனில் பிளேஆஃபையே எட்டவில்லை. கோப்பை வென்ற ஒன்றை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மற்ற மூன்றை யாரும் பேசுவதில்லை.

நீக்கியபின் சில அணிகள் தேறுவது ஏன்? கணக்கு எளியது. பனி ஹாக்கியில் கோல்கள் குறைவு. கம்பத்தில் பட்டுத் திரும்பும் பக்குகளும், கோல்கீப்பரின் இரண்டு மோசமான வாரங்களும் புள்ளிப் பட்டியலைப் புரட்டிவிடும். அதிர்ஷ்டம் மிகக் கீழே போன நேரத்தில்தான் பயிற்சியாளருக்குச் சீட்டுக் கிழியும். அங்கிருந்து அணி பெரும்பாலும் மேலேதான் வரும், யார் பெஞ்சில் நின்றாலும். நெதர்லாந்து கால்பந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல் இதையேதான் கண்டார்: சரிவின்போது மேலாளரை மாற்றிய அணிகளும் மாற்றாத அணிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறின. கால்பந்து வேறு விளையாட்டுதான். ஆனால் அங்கும் வேலை செய்வது இதே மனித அவசரம்.

மாற்றம் மட்டுமே மருந்தானால் பஃபலோ சேபர்ஸ் இந்நேரம் கோப்பைகளை அடுக்கி வைத்திருக்க வேண்டும். டெர்ரி பெகூலா 2011 பிப்ரவரியில் அணியை வாங்கினார். கையில் பணம் இருந்தது, மனமும் இருந்தது. 2013-இல் லிண்டி ரஃப் நீக்கப்பட்டபின் ரோல்ஸ்டன், நோலன், பைல்ஸ்மா, ஹவுஸ்லி, க்ரூகர், கிரனாட்டோ என்று பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் 2024-இல் மறுபடி அதே லிண்டி ரஃப்! 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன்களில் ஒருமுறைகூட அந்த அணி பிளேஆஃப் ஆடவில்லை.

இந்தப் பட்டியலில் டான் பைல்ஸ்மாவின் பெயரில் சற்று நிற்க வேண்டும். 2009 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் தடுமாறியபோது இடையில் பொறுப்பேற்று, ஜூனில் கோப்பை வென்றவர் அவர். பெருபேவுக்குப் பத்து ஆண்டு முன்பே அதே கதையின் நாயகன். பிட்ஸ்பர்க்கில் அவருக்கு முன்னால் சிட்னி க்ராஸ்பியும் எவ்கெனி மால்கினும் இருந்தார்கள். பஃபலோவில் அப்படி யாரும் இல்லை. இரண்டு சீசனில் வேலை போயிற்று. அதே ஆள், அதே மூளை.

பஃபலோவின் சோகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அங்கிருந்து போன ஓரைலி 2019-இல் செயின்ட் லூயிஸில் வென்றார். ஜாக் ஐக்கல் 2023-இல் வேகஸில் வென்றார். சாம் ரைன்ஹார்ட் 2024-இல் ஃபுளோரிடாவுக்காக, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றிக் கோலையே அடித்தார். திறமை அந்த ஊருக்கு வராமல் இல்லை. ஒவ்வொரு புதிய தலைமையும் முந்தையவர் சேர்த்ததைக் கலைத்தது. தலைமைக்குச் சக்தியே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம் இல்லை. கெடுப்பதற்கு அதற்கு நிறையவே சக்தி இருக்கிறது. சில மாதங்கள் போதும். ஆக்குவதற்குத்தான் ஆறேழு ஆண்டு பிடிக்கிறது.

கடைசியாக, "புதிய தலைமை புதிய பண்பாட்டைக் கொண்டுவரும்" என்ற பேச்சு. இதைக் கடுமையாகவே மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் ஒரு மனிதனின் வாழ்க்கை நசுங்கியது. 2010 பிளேஆஃபின்போது, அணியின் வீடியோ பயிற்சியாளர் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக சிக்காகோவின் இளம் வீரர் ஒருவர் முறையிட்டிருந்தார். மே 23 அன்று, இறுதித் தொடருக்குத் தகுதி பெற்ற சில மணி நேரத்தில், அணியின் மூத்த நிர்வாகிகளும் தலைமைப் பயிற்சியாளரும் இதுபற்றிக் கூடிப் பேசினார்கள். கோப்பை கைக்கு வரும்வரை மூன்று வாரம் எதுவும் செய்யவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் கொண்டாட்டங்களில் கலந்துகொண்டார். அவர் பெயர் கோப்பையில் பொறிக்கப்பட்டது. விசாரணை ஏதுமின்றி ராஜினாமா செய்துவிட்டு வெளியேறிய அவர், பின்னாளில் மிஷிகனில் ஒரு பள்ளி மாணவரிடம் இழைத்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்.

2021 அக்டோபரில், இதை விசாரித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை வெளியானபோதுதான் இது முழுதாகத் தெரிந்தது. போமன் அன்றே பதவி விலகினார். அப்போது ஃபுளோரிடா அணியில் இருந்த க்வென்வில் இரண்டு நாளில் விலகினார். சிக்காகோவுக்கு 20 லட்சம் டாலர் அபராதம். பதினோரு ஆண்டுகளாக ஊடகங்கள் மீட்பர்களாகக் கொண்டாடிய அதே குழு இது. ஒரு தலைமையை மீட்பராக்கிவிட்டால் அதனிடம் கேள்வி கேட்பது குறைந்துவிடுகிறது. 2022 பிப்ரவரியில் ரசிகர்கள் முன்னிலையில் ஒரு நிருபர் இதுபற்றிக் கேட்டபோது, ராக்கி வர்ட்ஸ் சினந்து அந்தக் கேள்வியையே ஒதுக்கித் தள்ளினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். தந்தை கட்டிவைத்த மூடிய கதவுகளில் தொலைக்காட்சிக் கதவு மட்டும்தான் திறந்திருந்தது.

ராக்கி 2023-இல் காலமானார். இப்போது மகன் டேனி வர்ட்ஸ் அணியின் தலைவர். 2022 முதல் கைல் டேவிட்சன் பொது மேலாளர். 2025-இல் ஜெஃப் பிளாஷில் புதிய பயிற்சியாளர். "புதிய யுகம்" என்ற தலைப்பை சிக்காகோ நாளேடுகள் மறுபடி எடுக்கக்கூடும். அந்த நாளில் பார்க்க வேண்டியது டிராஃப்ட் பட்டியலை: 2022-இல் ஃபிராங்க் நசார், 2023-இல் முதல் ஆளாகக் கானர் பெடார்ட், 2024-இல் இரண்டாவது ஆளாக ஆர்ட்யோம் லெவ்ஷுனோவ். இவர்கள் தேர்வானபோது பிளாஷில் அங்கே இல்லை. இந்த அணி ஒருநாள் கோப்பை வென்றால், அப்போது பெஞ்சில் யார் நிற்பார் என்று இன்று யாருக்கும் தெரியாது.