ஆச்சி வீட்டு அண்டா

நாளைக்கே கரண்ட் போய், குழாயும் நின்று, கடையும் சாத்திவிட்டால் உங்கள் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியும்? சென்னைச் சகோதரிகளுக்கு இது வெறும் கற்பனை அல்ல. 2015 டிசம்பரில் வெள்ளம், 2019 கோடையில் குடத்துக்கு வரிசை, 2020-ல் ஊரடங்கு என்று மூன்றையும் பார்த்துவிட்டார்கள். "பேசாமல் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடாகப் பார்த்துப் போய்விட்டால் என்ன?" என்று தோன்றினால் தப்பில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் ஆயிரக்கணக்கான சென்னைக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினவே!

செட்டிநாட்டு வீட்டின் விசேஷமே அதன் வளவுதான். நடுவே திறந்த வாசல். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை அங்கேதான் இறங்கும். தூம்புக்கு அடியில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சத் தண்ணீருக்குக் கிணறும் ஊருணியும் உண்டு. சர்க்கார் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கியது 2003-ல். ஆச்சிமார்கள் அதற்கு வெகு காலம் முன்பே அண்டா வைத்துவிட்டார்கள்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சீமையில் வருஷ மழை சுமார் 900 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் அது எண்பதாயிரம் லிட்டருக்கு மேல். சிந்தியது சிதறியது போக அறுபதாயிரம் என்று வையுங்கள். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தினம் 25 லிட்டர் என்றால், வருஷத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான்!

சாமான் அறைக்குள் போனாலும் இதே முன்யோசனைதான். உப்புப் போட்டு அடைத்த புளி, வெயிலில் காய்ந்த வற்றல், வடகம், மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு உப்புக்கண்டம். தேன்குழலும் சீப்புச் சீடையும் பலகாரம் என்றா நினைத்தீர்கள்? ஐஸ் பெட்டி இல்லாமல் வாரக்கணக்கில் கெடாத உணவு அது.

ஆனால் ஒன்று. வீடு இப்படி இருக்கிறதே தவிர, நிலம் அப்படி இல்லை. செம்புறைப் பாறையும் வானம் பார்த்த கண்மாயுமாக உள்ள பூமி. காரைக்குடிக்குச் சம்பை ஊற்று என்ற நல்ல தண்ணீர் உண்டு என்பது உண்மைதான். எல்லாக் கிராமத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த வீடுகளைக் கட்டிய பணமே பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்தது. தூணாக நிற்கும் தேக்குகூட பர்மா தேக்குதான். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனபோது அங்கிருந்து அரிசியும் நின்றது, வரவும் நின்றது. அண்டாவில் பிடித்த மழை தாகத்தைத் தீர்க்கும், நெல் விளைவிக்காது.

ஆகவே ஏக்கர் வாங்கிச் சுயமாக வாழப் போகிறேன் என்கிறவர்கள், முதலில் ஒரு சித்திரை மாதம் அங்கே போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் அண்டாக்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன, பங்களாக்களில் பூச்செடி வைக்க!

போகாதவர்களுக்கும் மொட்டை மாடி இருக்கிறது. இந்த ஐப்பசிக்குள் மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். முதல் மழையைப் பிடிக்காமல் ஓடவிடுங்கள். அடுத்த மழையைத் தூய வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூடி வையுங்கள். குடிப்பதற்கென்றால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள்.